தொப்புள் இல்லாத குண்டு

என் மனைவி சஜிதாவுக்குக் குண்டு பார்ப்பதுதான் வேலை. பெண் பார்ப்பது, பிறை பார்ப்பது மாதிரி இதுவும் ஒரு பார்ப்பது. விமானத்திலிருந்து போடுகிற குண்டு, அதிலும் ஜெர்மன்காரன் போட்டது, அதிலும் நம் பாட்டன்மார் காலத்துச் சண்டையில் போட்டது. போட்டதில் வெடிக்காமல் போனவை இன்னும் இங்கிலாந்து மண்ணுக்குள் கிடக்கின்றனவாம். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினால் திடீரென்று ஒன்று தலைகாட்டுகிறது. அந்த ஊர்க் கம்பெனி ஒன்று, போட்டோவைப் பார்த்தே இது இன்ன குண்டு என்று சொல்லும்படி கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துகிறது. அதற்கு முதலில் யாராவது உட்கார்ந்து, படம் படமாகக் குண்டைச் சுற்றிக் கோடு போட்டு, வகையை எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த யாராவது, யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், போட்டாதாங் பக்கம் மூன்றாவது மாடியில், கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் சஜிதா.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் குண்டுப் பேச்சுதான். எஸ்.சி. என்றால் தோல் மெல்லியது, உள்ளே மருந்து அதிகம், வாலில் மஞ்சள் கோடு. எஸ்.டி. தடித்த தோல், சிதறும்போது சில்லு சில்லாகப் போகும், சிவப்புக் கோடு. பி.சி. கப்பலின் இரும்புத் தளத்தையே துளைத்துக்கொண்டு இறங்கும், நீலக் கோடு. பெரியவற்றுக்குச் செல்லப்பெயர்கள்கூட உண்டு. ஒன்றுக்கு ஹெர்மன், அதைவிடப் பெரியதற்குச் சாத்தான். கையளவில் ஒரு சின்னது இருக்கிறது, இறக்கை விரித்துச் சுழன்று இறங்குவதால் அதற்குப் பட்டாம்பூச்சி என்று பேர். கொல்ல வந்த சாமானுக்கு எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறான் பாருங்கள்.

"வீட்டுல யாரு எந்த வகை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க எஸ்.சி. மச்சான், ஒரு சொல்லு தாங்க மாட்டீங்க. மாமா பி.சி." என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மாமா என்றது என் வாப்பாவை. பர்கத்துல்லா என்றால் ஸ்ட்ராண்ட் சாலையில் கயிறு, சங்கிலி, நங்கூரம் விற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நினைத்ததைத் துளைத்துக்கொண்டு போகிற மனிதர்தான். அவருக்கு மருமகளின் வேலை மேல் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. "படம் பார்க்கிற வேலை" என்பார். திட்ட மாட்டார், கேட்கவும் மாட்டார். கடை விஷயத்தில் அவளிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டதில்லை.

அவளும் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கம், மாமனார் முன்னால் மருமகள் உட்காரக்கூடாது. யார் சொன்னார்கள், எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. உம்மா அப்படி நின்றார், அதனால் சஜிதாவும் நின்றாள். வாப்பாவும் நானும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டுப் போடுவாள். கல்யாணமான புதிதில் நான் இதைப் பற்றி அவளிடம் பேசிப் பார்த்தேன். "எனக்குக் கால் வலிக்கல, விடுங்க" என்று முடித்துவிட்டாள். நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன்.

இனி மொட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு நடுவில் தரையோடு புதைத்த இரும்புக் கட்டை ஒன்று இருந்தது, அதைத்தான் மொட்டை என்போம். வாப்பா கடையை வாங்கும்போதே அது அங்கே இருந்ததாம். முழங்கால் உயரம், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன், மேலே கொஞ்சம் ஒடுங்கித் தட்டையாக முடியும். கயிறு வாங்க வருகிற படகுக்காரனுக்கு அதில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு ஆள் சேர்ந்து இழுத்துக் காட்டுவோம். கயிறு முனகும், மொட்டை அசையாது. அதைப் பார்த்துத்தான் த்வாண்டேயிலிருந்து பானை ஏற்றிவருகிறவர்கள்கூட எங்கள் கயிற்றை நம்பினார்கள். ஒவ்வொரு நோன்புக்கு முன்னாலும் வாப்பா அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார். அதன் உச்சியில், நட்ட நடுவில், சாஸர் அளவுக்கு ஒரு வட்டத் தகடு லேசாகக் குழிந்திருக்கும். வாப்பாவின் லப்பெயே குவளை அளவெடுத்ததுபோல அதில் உட்காரும். அந்த டீயைக் குடித்துக்கொண்டுதான் அவர் வியாபாரம் பேசுவார்.

மழைக்காலத்தில் ஆறு ஏறும்போதெல்லாம் தண்ணீர் கடைக்குள் வந்து கயிற்றுக் கட்டுகளை ஊறப்போட்டுவிட்டுப் போனது. இந்த வருஷம் தரையை உயர்த்தியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. மொட்டை இருந்தால் தளம் போட முடியாது, தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள் என்றார் கொத்தனார். வெட்டுவதற்கு ஷ்வேப்யிதாவிலிருந்து உதயசூரியன் வந்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் வெல்டர், ஓய்வு நாளில் இப்படி வெளி வேலைக்கு வருவான். கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு மொட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"ஊலே, இது என்னா சாமான்?" என்று வாப்பாவைக் கேட்டான். பெரியவர்களை இங்கே எல்லோரும் ஊலே என்றுதான் கூப்பிடுவோம்.

"கப்பல் சாமான். துறைமுகத்துல நட்டு வைக்கிறது."

"கப்பல் சாமானா? எங்க பக்கத்துப் பொங்ஜி சௌங்ல, அந்தப் புத்த மடத்துல, மணிக்குப் பதிலா இதே மாதிரி ஒண்ணத் தொங்கவிட்டு அடிக்கிறாங்க. அது சண்டைக்காலத்துக் குண்டு ஓடு. அது வெறும் ஓடு, சத்தம் கணீர்னு வரும். இது டொக்குனு கேக்குது. எனக்குச் சரியாப் படல ஊலே."

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குண்டுன்னா நம்ம வீட்டுலேயே ஆளு இருக்கு. சஜிதாவக் கூட்டியாடா ஜுல்ஃபி" என்றார் என்னிடம்.

எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வேண்டாம். அவர் வாயிலிருந்து, கடை விஷயத்துக்காக, அவள் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சஜிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வந்தாள்.

மொட்டையின் முன்னால் குத்துக்காலிட்டு அதன் உடம்பைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவினாள். பெயிண்ட் தடிப்பாக இருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். பக்கத்துக் கடை இனாயத்துல்லா, சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பிறகு எழுந்து வாப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"குண்டுக்கு ஃபியூஸ் வைக்கிற வாய் வயித்துல இருக்கும் மாமா. பக்கவாட்டுல, தொப்புள் மாதிரி வட்டமா. எவ்வளவு துருப்பிடிச்சாலும் அது தெரியும். நான் பார்த்த பெரிய குண்டுல எல்லாம் இருந்துச்சு. இதுல இல்ல. இது குண்டு இல்ல, ஏதோ கப்பல் குழாய்தான்."

"கேட்டியாப்பா?" என்றார் வாப்பா உதயனிடம். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எம் மருமவ சொல்லிட்டா. இங்கிலாந்துக்காரனே இவகிட்ட கேட்டுத்தான் தோண்டுறான்" என்றார். மறுநாள் காலையில் வெட்டுவது என்று முடிவாயிற்று. அன்று சஜிதா வீட்டுக்குத் திரும்பிய நடையே வேறு. வழியில் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மீன் கடைக்காரியிடம் காரணமில்லாமல் சிரித்தாள்.

மறுநாள் நடந்ததில் அவள் பக்கத்துக் கதையை அவள் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் கரண்ட் வந்ததும் அவள் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள். முதல்நாள் அவள் அனுப்பிய படங்களில் ஒன்று திரும்பி வந்திருந்தது. பக்கவாட்டில் வாய் இல்லாத ஓர் உருளை, அதற்குக் "குழாய்" என்று எழுதியிருந்தாள். மேற்பார்வை பார்க்கிற ஆள் கீழே குறிப்பெழுதியிருந்தார். இது குழாய் இல்லை, இது எங்கள் நாட்டுக் குண்டு, பழைய பயிற்சித் திடலில் கிடைத்தது, உங்களைச் சோதிப்பதற்காகக் கலந்து வைத்தோம். ஜெர்மன் குண்டுக்குத்தான் வயிற்றில் வாய். எங்களுடையதற்கு மூக்கில் இருக்கும், அல்லது வால் பக்கம் நட்ட நடுவில் இருக்கும்.

கூடவே ஒரு படம். குண்டின் வால் பக்கத்தை மேலிருந்து எடுத்தது. தட்டையான உச்சி, நடுவில் சாஸர் அளவுக்கு ஒரு வட்டம்.

எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். என் போன் கல்லாவுக்குள் கிடந்தது. வெளியே ஜெனரேட்டர் ஓடிய சத்தத்தில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே கேட்காது.

கடையில் உதயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஸ் டார்ச்சைக் கொளுத்தி, தீயை நீல ஊசியாக ஒடுக்கிவிட்டான். வாப்பா அவனுக்குப் பின்னால் நாற்காலியில். குவளையைக் கடைசித் தடவையாக மொட்டை மேலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். தீ பட்ட இடத்தில் பச்சைப் பெயிண்ட் பொங்கிக் கருகி நாறியது. அப்போதுதான் சஜிதா வாசலில் வந்து நின்றாள். காலில் செருப்பில்லை, முக்காடு தோளில் கிடந்தது, மூச்சு வாங்கியது. ஸ்ட்ராண்ட் சாலையில் அவள் அப்படி ஓடிவந்ததை இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"நிறுத்துங்க! அது குண்டு! நான் சொன்னது தப்பு!"

உதயன் தீயைத் தள்ளிப் பிடித்தான், அணைக்கவில்லை. வாப்பா எழுந்தார்.

"என்னம்மா இது? நேத்து ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே?"

"நேத்து சொன்னது ஜெர்மன் குண்டு கணக்கு மாமா. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். ரங்கூனுக்கு ஜெர்மன்காரன் வரவே இல்லையே! ஜப்பான்காரன் போட்டான், அப்புறம் இங்கிலீஷ்காரனும் அமெரிக்காக்காரனும் போட்டான். அவங்க குண்டுக்கு வாய் வயித்துல இல்ல. மூக்கு மண்ணுக்குள்ள இருக்கு. வாலுல இருக்குற வாய்..." அவள் கை மொட்டையின் உச்சியைக் காட்டியது. "நீங்க டீ வைக்கிற இடம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நேற்று அதே இடத்தில் நின்று கேட்டவர்கள்தானே. இனாயத்துல்லா வாய்க்குள்ளேயே, "படம் பார்த்துச் சொன்னா இப்படித்தான்" என்றது எல்லோருக்கும் கேட்டது. வாப்பாவின் முகம் சிவந்துவிட்டது. ஊரைக் கூட்டி வைத்துப் பீற்றிக்கொண்டவர் அவர். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. உண்மையைச் சொன்னால், நான் அப்போது சஜிதாவை முழுக்க நம்பவும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கயிறு கட்டி இழுத்த கட்டை அது. வெடிக்கிறதென்றால் என்றைக்கோ வெடித்திருக்காதா என்றுதான் எனக்கும் தோன்றியது.

"இத்தனை வருஷமா வெடிக்காதது இன்னைக்கா வெடிக்கப் போவுது?" என்றார் வாப்பாவும். "நீ வீட்டுக்குப் போம்மா. உதயா, வெட்டு."

உதயன் வாப்பாவைப் பார்த்தான், சஜிதாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பேசுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சஜிதா நடந்து வந்து, புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மொட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வாப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே, அவர் கடையில், அவர் குவளை வைக்கிற இடத்தில், அத்தனை ஆண்களுக்கு நடுவில் சஜிதா உட்கார்ந்திருந்தாள். கை இரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன் மாமா. நீங்க என்ன சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அந்தத் தெருவுக்கே தெரியும். அது வெடித்து இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று அந்த இடத்தில் பயந்தேன். கடையிலோ தெருவிலோ யார் இருந்தார்கள் என்ற நினைப்பே அப்போது இல்லை, அவள் ஒருத்திக்காகத்தான் பயந்தேன்.

வாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த குவளையைப் பார்த்தார். அதை மெதுவாக, சத்தமே வராமல், நாற்காலியின் மேல் வைத்தார்.

"உதயா, அணைச்சிடுப்பா" என்றார்.

"அமேலே!" என்று பர்மாக்காரர்கள் அம்மாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுவிட்டு உதயன் தீயை அணைத்தான். அவன் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. நான் போய் சஜிதாவைக் கைபிடித்து எழுப்பினேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இந்த ஊரில் குண்டு என்ற சொல்லைத் தெருவில் சத்தமாகச் சொல்ல முடியாது. பழையதா புதியதா என்று யாராவது கேட்பதற்குள் நம் பேர் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கடையைப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று நான்கூடச் சொன்னேன். வாப்பா கேட்கவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் வார்டு ஆபீஸ்ல போயிச் சொல்றேன். கெழவன என்ன பண்ணிடப் போறாங்க. யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டா நான்தான். ஆபீஸ்காரங்க முன்னாடி அவ பேர யாரும் வாயில எடுக்கக் கூடாது."

போனார். மத்தியானம் வரைக்கும் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது பின்னால் வண்டியும் ஆட்களும் வந்தார்கள். தெருவை அடைத்து, எல்லோரையும் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ஆற்றோரமாகப் படகுத்துறையில் உட்கார்ந்து காத்திருந்தோம். சஜிதா மட்டும் நின்றுகொண்டிருந்தாள், வாப்பா இருந்ததால். சிமெண்டை உடைத்து அதை வெளியே எடுத்து, மணல் மூட்டைக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். மூக்கு அப்படியே இருந்ததாம். உள்ளே மருந்தும் அப்படியே இருந்ததாம். பட்ட தீ இன்னும் கொஞ்சம் நின்று பட்டிருந்தால் என்று அதிகாரி ஒருவர் ஆரம்பித்தார், வாப்பாவின் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபீஸில் தன் பேரைக் கொடுத்தார் வாப்பா. கடைத்தெருவில் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இனாயத்துல்லாவின் கடைக்கே போய், "எம் மருமவ மட்டும் உக்காராம இருந்திருந்தா இன்னைக்கு உன் கடையும் இல்ல, நீயும் இல்ல" என்று அவர் டீயையே வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

சஜிதாவுக்கு இது எதுவும் போய்ச் சேரவில்லை. அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது அவள் முதலில் சொன்ன வார்த்தைதான். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டாள். வாப்பா வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள்.

"என் பேச்ச நம்பித்தானே தீயக் கொளுத்தினாங்க. இனிமே நான் எதையும் பார்த்துச் சொல்ல மாட்டேன் மச்சான்" என்றாள்.

"தப்புன்னு தெரிஞ்சதும் செருப்பக்கூடப் போடாம ஓடியாந்தது யாரு?" என்றேன்.

"அவங்க முன்னாடி உக்காந்துட்டேனே" என்று அழுதாள். குண்டின் மேல் உட்கார்ந்ததைவிட, மாமனார் முன்னால் உட்கார்ந்ததுதான் அவளை அரித்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். பாய் விரித்து, சோறும் மீன் ஆணமும் வைத்துவிட்டு அவள் வழக்கம்போலச் சுவரோரமாக நின்றாள். வாப்பா பிஸ்மி சொல்லவில்லை. சோற்றில் கை வைக்கவும் இல்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துவந்து, தன் தட்டுக்கு எதிரே வைத்தார்.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் மாமா. நீங்க சாப்பிடுங்க."

"உக்காருங்கிறேன்ல."

அவள் அசையவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "பழக்கமில்ல மாமா" என்றாள்.

வாப்பா அந்தத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அதுவரை அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. உம்மா இறந்தபோதுகூடக் கேட்டதில்லை.

"எங்க உசுருக்காகக் குண்டு மேல உக்காந்தியேம்மா. சோத்து முன்னாடி உக்கார மாட்டியா?"

சஜிதா புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, அன்றைக்குப் போலவே, மெதுவாக உட்கார்ந்தாள். வாப்பா சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மீனின் நடுத்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். பிறகுதான் பிஸ்மி சொன்னார்.